பழி கார்புரெட்டர் மேல், பழுது வேறிடத்தில்

"அப்பா விட்டுப் போன காடிங்க. இரும்புக்காரர் வந்து விலை கேட்டுட்டுப் போயிட்டார். கொடுத்துடலாமா, வேணாமா?"

பழைய வாகனப் பராமரிப்பைப் பற்றிய இவ்வாரத் தொலைக்காட்சி அரங்கில் முதலில் எழுந்த கேள்வி இது. கேட்டவர் கெடா, பெண்டாங்கைச் சேர்ந்த நடுத்தர வயது அன்பர். அவருடைய தந்தை ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். நாடு சுதந்திரம் பெற்ற 1957-ஆம் ஆண்டில் தயாரான மோரிஸ் மைனர் ஒன்றைக் கைமாற்றாக வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கும் மனைவியைப் பிரசவத்திற்கும் அதிலேயே ஏற்றிச் சென்றவர். அவர் காலமான பிறகு கார் வீட்டுக் கொட்டகையில் இரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்றிருக்கிறது.

மீண்டும் கிளப்பியபோது என்ஜின் ஓடியது. ஆனால் தோக்காய் சாலையில் சில கிலோமீட்டர் போனதும் திணறி நின்றது. ஆறிய பிறகு மறுபடியும் ஓடியது, மறுபடியும் நின்றது. கூடவே பெட்ரோல் வாடை. பட்டறையில் காட்டினால், "கார்புரெட்டர் போச்சு" என்று ஒரே வரியில் தீர்ப்பு. எங்கோ தேடி, பழைய கார்புரெட்டர் ஒன்றை வாங்கி மாற்றினார். அதற்குப் பிறகும் அதே திணறல், அதே நிற்றல். இதற்கு மேல் செலவு செய்ய வேண்டாம் என்று வீட்டில் முடிவான நேரத்தில்தான் இரும்புக்காரர் வந்தார்.

அரங்கில் அவருக்குப் பதில் சொன்னவர், அலோர் ஸ்டாரில் சிறு வயதிலேயே பட்டறையில் கையாளாகச் சேர்ந்து, போர்மனாகி ஓய்வு பெற்ற பெரியவர். அவர் கார்புரெட்டரைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.

"தம்பி, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தீங்களா?"

"இல்லண்ணே."

"ரெண்டு வருஷம் டேங்க்ல கெடந்த எண்ணெயை வடிச்சீங்களா?"

"மேலேயே புதுசு ஊத்தினேண்ணே."

"அப்ப கார்புரெட்டரை ஏன் கழட்டினீங்க?"

அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஆனால் இது சிரித்துவிட்டுப் போகும் விஷயமல்ல. ஒரு தவறான தீர்ப்பால் நல்ல கார்கள் பல வெட்டுக் கடைக்குப் போயிருக்கின்றன. பெட்ரோல் வாடையைப் பொருட்படுத்தாமல் ஓட்டியதால் தீப்பிடித்த கார்களும் உண்டு. இரண்டும் தவிர்க்கக் கூடியவை.

முதலில் தீப்பொறி

என்ஜின் ஓட மூன்று வேண்டும்: தகுந்த அளவு காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, அதை அழுத்தும் சிலிண்டர், சரியான நொடியில் தீப்பொறி. இவற்றில் எது குறைந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஏறக்குறைய ஒன்றுதான். என்ஜின் திணறும், குலுங்கும், நிற்கும். கண்ணுக்கு முன்னால் பளபளவென்று நிற்பது கார்புரெட்டர் என்பதால் பழி அதன்மேல் விழுகிறது. பழைய போர்மன்கள் இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு: பாதி கார்புரெட்டர் கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்தான் இருக்கிறது.

பெண்டாங் அன்பரின் காரில் நடந்ததைப் பாருங்கள். குளிர்ந்திருக்கும்போது ஓடுகிறது, சூடானதும் நிற்கிறது, ஆறினால் மீண்டும் ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறிய கண்டென்சர் பழுதானால் இதே மாதிரிதான் நடக்கும். சூட்டில் அது செயலிழக்கும், பொறி பலவீனமாகும், என்ஜின் நின்றுவிடும். சாலையோரத்தில் கால் மணி நேரம் நின்றால் ஒன்றும் நடக்காதது போல் கிளம்பும். ஓட்டுபவர் பெட்ரோல் வரவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

ஆகவே வரிசை முக்கியம். மோரிஸ் மைனரில் குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.012 அங்குலம் இருக்க வேண்டும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டர் போயின்ட் திறக்கும் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம் வரை. தகட்டு அளவுகோல் ஒன்று போதும், இவை மூன்றையும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். போயின்ட் முகம் கருகியோ குழி விழுந்தோ இருந்தால் அதையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. பிறகு பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே கார்புரெட்டர் பக்கம் ஸ்பேனரை நீட்டலாம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் ஒரு கோளாறு இரண்டாகும். பொறியில் உள்ள குறையை மறைக்கக் கலவையை மாற்றிவிட்டு, பிறகு இரண்டையும் தேட வேண்டிய நிலை வரும்.

பம்ப் பேசுவதைக் கேளுங்கள்

அடுத்தது பெட்ரோல் வரும் வழி. மோரிஸ் மைனரில் மின்சாரப் பம்ப் உண்டு. சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக் டிக்' என்று அடித்து, கார்புரெட்டர் கிண்ணம் நிரம்பியதும் நின்றுவிடும். காதைக் கொடுத்தால் அது பல செய்திகளைச் சொல்லும். சத்தமே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது பம்பின் உள்ளே இருக்கும் போயின்ட் அழுக்கடைந்திருக்கிறது. திருப்புளியின் கைப்பிடியால் பம்பை ஒரு தட்டுத் தட்டி வீடு வந்து சேர்ந்தவர்கள் அந்தக் காலத்தில் ஏராளம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் டேங்க் காலி, அல்லது குழாயில் காற்று நுழைகிறது, அல்லது பெட்ரோல் எங்கோ வெளியேறுகிறது. கடைசியில் சொன்னது ஆபத்தானது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் உடனே சாவியை மூடிவிட்டுத் தேட வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் நின்ற காரின் டேங்கில் இருப்பதைப் பெட்ரோல் என்று சொல்ல முடியாது. கெடாவின் வெயிலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விடும். மிஞ்சுவது அரக்கு போன்ற பிசின். ஈரக்காற்றில் டேங்கின் மேல் பகுதி துருப்பிடித்துப் பொடியாக உதிரும். அதன்மேல் புதிய பெட்ரோலை ஊற்றினால் பிசினும் துருவும் கலங்கி நேராகக் கார்புரெட்டருக்கு வரும். மாற்றிப் பொருத்திய கார்புரெட்டரும் ஒரே வாரத்தில் பழையது போலாவது இதனால்தான். டேங்கை வடித்துக் கழுவி, வடிகட்டியை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம்.

இந்தியாவில் உறவினர்களிடம் பழைய அம்பாசிடர் இருந்தால் அவர்களுக்குக் கூடுதல் கவலை ஒன்று உண்டு. 2025 முதல் அங்கே நாடெங்கும் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனையாகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். நின்றே இருக்கும் காருக்கு அது நல்லதல்ல.

செருப்புக் கடை வீட்டுக் கண்டுபிடிப்பு

இப்போது கார்புரெட்டருக்கு வருவோம். மோரிஸ் மைனரில் இருப்பது எஸ்.யு. வகை. 'ஸ்கின்னர் யூனியன்' என்பதன் சுருக்கம் அது. பிரிட்டனில் காலணி வணிகம் செய்த குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் இதை உருவாக்கினார். தொடக்கக் காலக் கருவியில் ஏறி இறங்கும் துருத்தி தோலால் ஆனது என்பது அந்தக் குடும்பத் தொழிலுக்குப் பொருத்தம்தான்! 1910-இல் நிறுவனமாகி, 1926-இல் வில்லியம் மோரிஸின் கைக்கு வந்தது. அதன் பிறகு மோரிஸ், எம்.ஜி., ஜாகுவார் எனப் பல கார்களில் இதுவே இடம் பிடித்தது.

அது வேலை செய்யும் விதம் எளிது. துருத்தியின் இடத்தில் பின்னர் வந்த பிஸ்டன் ஒன்று மணி போன்ற மூடிக்குள் மேலும் கீழும் நகர்கிறது. அதன் அடியில் மெல்லக் கூர்மையாகும் ஊசி. அந்த ஊசி, பெட்ரோல் வரும் ஜெட் துளைக்குள் இறங்கி நிற்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் அதிகக் காற்றை இழுக்கும், பிஸ்டன் மேலே எழும். காற்று வழி அகலமாகும்போதே ஊசியும் மேலேறுவதால் ஜெட்டின் இடைவெளி பெரிதாகி, அதற்குத் தக்க பெட்ரோல் வருகிறது. மற்றக் கார்புரெட்டர்களில் மெதுவான ஓட்டத்துக்கு ஒரு ஜெட், வேகத்துக்கு ஒரு ஜெட், திடீரென மிதிக்கும்போது பீய்ச்ச ஒரு பம்ப் என்று பல வழிகள் உண்டு. இதில் ஒரே ஜெட், ஒரே ஊசி. எதையும் கழற்றாமலே பாதிக் கோளாறைக் கண்டுபிடிக்க முடிவதும் இதனால்தான்.

காற்று வடிகட்டியை எடுத்துவிட்டு, பிஸ்டனை விரலால் மேலே தூக்கி விடுங்கள். அது தடையில்லாமல் இறங்கி 'க்ளிக்' என்று உட்கார வேண்டும். சத்தம் வரவில்லை, பாதியில் நிற்கிறது என்றால் இரண்டில் ஒன்று. மூடியின் உட்புறத்தில் அழுக்கு இருக்கும், அல்லது ஊசி ஜெட்டின் ஓரத்தை உரசிக்கொண்டிருக்கும். எது என்று அறிய, சோக்கை முழுவதும் இழுத்து ஜெட்டைக் கீழிறக்கிவிட்டு மறுபடியும் தூக்கிப் பார்க்கலாம். ஜெட் கீழே இருக்கும்போது சத்தம் தெளிவாகவும், மேலே இருக்கும்போது மந்தமாகவும் இருந்தால் ஜெட் மையம் விலகியிருக்கிறது என்று பொருள்.

மையம் சரிசெய்வது கை பழகினால் அரை மணி நேர வேலை. சரிசெய்யும் நட்டின் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, நட்டை முழுவதும் மேலே ஏற்ற வேண்டும். ஜெட்டைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைத் தளர்த்த வேண்டும். மேலே உள்ள எண்ணெய்த் துளை வழியாகப் பென்சிலால் பிஸ்டனை மெல்ல அழுத்தினால் ஊசியே ஜெட்டைத் தன் மையத்துக்கு இழுத்துக்கொள்ளும். அந்த நிலையிலேயே பெரிய நட்டை இறுக்கிவிட்டு, மறுபடியும் 'க்ளிக்' கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் முறை அமையாவிட்டால் இன்னொரு முறை. ஊசி வளைந்திருந்தால் எத்தனை முறை செய்தாலும் அமையாது. அப்போது புதிய ஊசிதான் வழி. ஊசியைப் பொருத்தும்போது அதன் தோள் பகுதி பிஸ்டனின் அடி முகத்தோடு சமமாக இருக்க வேண்டும்.

பிஸ்டனையும் மூடியையும் துடைக்கப் பெட்ரோலில் நனைத்த மெல்லிய துணி போதும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று அளவு பார்த்துச் செய்யப்பட்டவை. ஒரு காரின் மூடியை இன்னொன்றின் பிஸ்டனோடு சேர்ப்பதும் கூடாது. கைமாற்றாக வாங்கிய கார்புரெட்டர்களில் இந்தக் கலப்பு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.

மேலே திருகும் பித்தளை மூடிக்குள் சிறிது எண்ணெய் இருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் பிஸ்டன் துள்ளி எழாமல் தாங்குவதற்கு அது. எஸ்.ஏ.இ. 20 அளவுள்ள இலேசான எண்ணெயே தயாரிப்பாளர் சொன்னது. வீட்டில் இருக்கிறதே என்று கெட்டியான எண்ணெயை ஊற்றினால் பிஸ்டன் சோம்பலாக எழும். எண்ணெயே இல்லாவிட்டால் மிதித்த நொடியில் என்ஜின் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தையும் "கார்புரெட்டர் போச்சு" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான எண்ணெய்க்கு ஒரு கார்புரெட்டர் விலை!

காய்ந்த தக்கை

அன்பரின் காரில் வந்த பெட்ரோல் வாடைக்குக் காரணம் வேறு. 1957-ஆம் ஆண்டின் 948 சி.சி. மைனரில் இருப்பது பழைய எச் 2 வகை. அதில் ஜெட்டைச் சுற்றிப் பெட்ரோல் கசியாமல் தடுப்பது தக்கையால் ஆன சிறு வளையம். தக்கை ஈரமாக இருக்கும் வரை உப்பி அடைத்துக்கொண்டிருக்கும். கார் மாதக்கணக்கில் நின்று கிண்ணம் வற்றினால் அதுவும் காய்ந்து சுருங்கிவிடும். மீண்டும் கிளப்பும்போது சொட்டுச் சொட்டாக ஒழுகும். அவர் வாங்கிப் பொருத்திய கார்புரெட்டரும் பல காலம் அலமாரியில் காய்ந்து கிடந்ததுதானே! ஆகவே அதுவும் ஒழுகியது. பின்னர் வந்த எச்.எஸ். 2 வகையில் தக்கை இல்லை, நைலான் குழாய் நேராக ஜெட்டுக்குப் போகிறது.

கவலைப்பட வேண்டியது இங்கேதான். மோரிஸ் மைனர் என்ஜினில் கார்புரெட்டரும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒழுகும் பெட்ரோலுக்கு நேர் கீழே கொதிக்கும் இரும்பு. "கொஞ்சமாத்தான் சொட்டுது" என்று ஓட்டுவது விளையாட்டல்ல. வாடை வந்தால் ஓட்டக் கூடாது. கொட்டகையில் வேலை செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும், பக்கத்தில் சிகரெட்டோ சாமி விளக்கோ இருக்கக் கூடாது. தீயணைப்புக் கருவி ஒன்று காரிலேயே இருப்பது நல்லது. மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடிக் குழாயை அவசரத்துக்கு மாட்டிவிட்டு அப்படியே மறந்துவிடுபவர்கள் நம்மிடையே உண்டு. அது பெட்ரோலில் இறுகி வெடிக்கும். பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட குழாயைத்தான் மாட்ட வேண்டும்.

கிண்ணத்துக்குள் இருக்கும் மிதவையும் ஒழுகலுக்குக் காரணமாகலாம். பெட்ரோல் நிரம்பியதும் மிதவை மேலே எழுந்து ஒரு சிறிய ஊசி வால்வை மூடும். நம் வீட்டுக் கழிவறைத் தொட்டியில் நடப்பதும் இதுதான். வால்வில் துரு சிக்கினாலோ, பித்தளை மிதவையில் ஓட்டை விழுந்து பெட்ரோல் உள்ளே புகுந்தாலோ கிண்ணம் வழியும். மிதவையைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்தால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்கும்.

இந்த மிதவைக் கிண்ணத்துக்கு ஒரு போர்க்களக் கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மெர்லின் என்ஜினிலும் எஸ்.யு. கார்புரெட்டர்தான். விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்திப் பாயும்போது கிண்ணத்துப் பெட்ரோல் மேலே எழும்பி என்ஜின் திணறும். எதிரி அதற்குள் தப்பிவிடுவான். பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் 1941-இல் பெட்ரோல் வழியில் துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டைச் செருகி அந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தார். மோட்டார் சைக்கிள் பந்தயங்களிலும் கலக்கியவர் அவர். பட்டறை வேலை ஆண்களுக்கே என்று நினைக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாம்.

ஒவ்வொரு பட்டையாக

எல்லாம் சுத்தமாகிப் பொருத்திய பிறகு கலவையைச் சரிசெய்ய வேண்டும். ஜெட்டுக்கு அடியில் ஆறு பட்டை கொண்ட நட்டு இருக்கும். அதை முழுவதும் மேலேற்றி, அங்கிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 பட்டை கீழே இறக்கினால் என்ஜின் ஓடத் தொடங்கும் நிலை கிடைக்கும். என்ஜின் நன்றாகச் சூடான பிறகு பிஸ்டனை மிக இலேசாக, 1/32 அங்குலம் மட்டும் தூக்கிப் பார்க்க வேண்டும். என்ஜின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். நட்டை ஒரு பட்டை மேலே ஏற்றுங்கள். வேகம் குறைந்து நிற்கப் பார்த்தால் பெட்ரோல் குறைவு. ஒரு பட்டை கீழே இறக்குங்கள். ஒரு கணம் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ஒரு தடவைக்கு ஒரு பட்டைதான். அவசரக்காரர் மூன்று நான்கு பட்டை திருப்பிவிட்டு எங்கிருந்து தொடங்கினோம் என்பதையே மறந்துவிடுவார்.

பிறகு சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். மரப்பழுப்பு நிறம் என்றால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் வீணாகிறது. வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை. அப்படியே ஓட்டினால் நாளடைவில் வால்வு எரியும். பெண்டாங் சமவெளியில் நெல் அறுவடை நடக்கும் காலங்களில் தூசி அதிகம் என்பதால் காற்று வடிகட்டியை வழக்கத்தைவிட முன்னதாகவே பார்ப்பது நல்லது. அடைத்த வடிகட்டியும் கரியைக் காட்டும்.

எவ்வளவு திருப்பியும் என்ஜின் நிதானமாக ஓட மறுத்தால், திராட்டல் கம்பி தேய்ந்து அதன் ஓரமாகக் காற்று நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பியின் இரு முனைகளிலும் கெட்டியான கிரீஸைப் பூசி, ஓட்டம் மாறுகிறதா என்று கவனித்தால் தெரிந்துவிடும். சூடான என்ஜின்மேல் எரியும் திரவத்தைப் பீய்ச்சிச் சோதிக்கும் பழக்கம் வேண்டாம். இந்தத் தேய்மானம் ஒன்றுதான் வீட்டில் தீராது. கடைசல் பட்டறையில் புஷ் போட்டு வர வேண்டும்.

"சாமான் கிடைக்காது" என்பதும் முழு உண்மையல்ல. இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் உள்ள பர்லன் நிறுவனம் எஸ்.யு. பெயரிலேயே ஊசி, ஜெட், தக்கை, பம்ப் பாகங்களை இன்றும் தயாரிக்கிறது. மோரிஸ் மைனருக்கே உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்கூடம் இலங்கையின் காலியில் எழுந்ததும் உண்டு. ஊசியில் பொறித்திருக்கும் எழுத்தைச் சரியாகச் சொல்லி வாங்க வேண்டும், அவ்வளவுதான். 1098 சி.சி. என்ஜினுக்கு வழக்கமானது 'ஏ.என்.' ஊசி, 948-க்கு அது பொருந்தாது.

மோரிஸ் இல்லாதவர்களும் இதைக் கேட்டு வைக்கலாம். 1985 ஜூலையில் வெளிவந்த முதல் புரோட்டோன் சாகாவும், 1994-இல் வந்த முதல் கன்சில்களும் கார்புரெட்டர் கார்களே. அவற்றில் பல ஜெட்டுகள் உண்டு என்பதால் பிரித்துப் போடும் வேலையை அனுபவசாலியிடம் விடுவது நல்லது. ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். காற்றால்தான் ஊத வேண்டும். ஆனால் முதலில் பொறி, அடுத்துப் பெட்ரோல், கடைசியாகக் கார்புரெட்டர் என்ற வரிசை அவற்றுக்கும் அதேதான்.

நிகழ்ச்சிக்குப் பிறகு பெண்டாங் அன்பர் தகவல் அனுப்பியிருந்தார். புதிய போயின்ட், கண்டென்சர் போட்டதும் தோக்காய் வரை போய்த் திரும்பியாகிவிட்டது. தந்தையின் பழைய கார்புரெட்டரைக் கழுவி, தக்கை மாற்றித் திரும்பவும் பொருத்தியிருக்கிறார். பணம் கொடுத்து வாங்கிய மற்றொன்று அலமாரியில் கிடக்கிறது. இரும்புக்காரர் மறுபடியும் வந்திருக்கிறார்; பழைய பேட்டரியை மட்டும் எடுத்துக்கொண்டு போனாராம்.